மாடியில் போட்ட பந்தி

திருப்பூர்
16.10.2008, வியாழன்

அன்பு மகள் இந்துமதிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை போன மாதத்தைவிட இறங்கியிருக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க அவிநாசியப்பனை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிற அம்மாவுக்கு இது என்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், ஈமெயில் என்றால் ஆபீஸ் பெண்தான் டைப் அடிக்க வேண்டும். இது நீயும் நானும் மட்டும் பேச வேண்டிய விஷயம், அதனால் கரண்ட் போய் மிஷின்கள் நின்ற நேரமாகப் பார்த்து செக்கிங் டேபிளில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மனசு நிலையாக இல்லை.

தீபாவளிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. போனஸ் பேச்சு, ஊருக்குப் போகிற பேச்சு, இதற்கு நடுவில் நாளுக்கு நாலைந்து முறை கரண்ட் கட், அனுப்ப வேண்டிய பீஸ் பாதி அப்படியே கிடக்கிறது. இத்தனை தலைவலியும் போதாது என்று ஊர் முழுக்க இந்தப் பனியன் கம்பெனி முதலாளிகள் சங்கத் தலைவர் தேர்தல் பேச்சு. உனக்குத் தெரியாததில்லை. ஒரு பக்கம் என் தம்பி, உன் மாமன் மாரப்பன், இன்னொரு பக்கம் நம் கம்பெனியில் ஒன்பது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டுத் தனியாகத் தையல் கம்பெனி போட்ட ஜெபக்குமார். சின்னப் பையன்கள் இன்டர்நெட்டில் சங்கத்துக்கு ஒரு குரூப் ஆரம்பித்தாலும் ஆரம்பித்தார்கள், நேரில் பார்த்தால் வாங்க போங்க என்று கும்பிடுகிற மனிதர்கள் அதில் பொய்ப் பெயரை வைத்துக்கொண்டு என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? தூத்துக்குடியிலிருந்து பையோடு வந்தவனுக்கு நம்மூர் நாற்காலியா என்று ஒருவன், சர்ச்சில் சொன்னதால்தான் நிற்கிறார் என்று ஒருவன், மாரப்பனுக்குக் குண்டடத்துப் பக்கம் நிலம் இருக்கிறது, சங்கக் கட்டடத்தை அங்கே கொண்டுபோய்க் கட்டத்தான் நிற்கிறார் என்று இன்னொருவன். கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கும் குறை வைக்கவில்லை, எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து ஜெராக்ஸ் போட்டு டீக்கடையில் வைத்துவிடுகிறார்கள், வடை மடிக்கிற காகிதத்தில்கூட உன் மாமன் பெயர் இருக்கிறது.

பத்து நாளைக்கு முன்னால் வந்த ஒன்றை உன் அப்பா மதியம் சாப்பிட வரும்போது சட்டைப்பையில் கொண்டுவந்தார். 'ஒரு வாக்காளர்' என்று பெயர் போட்டிருந்தது. ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் முதலாளிமார் எல்லாரும் கீழே முதல் பந்தியில் உட்கார்ந்திருக்க, ஜெபக்குமாரை மட்டும் தோளில் கை போட்டு மாடிக்குக் கூட்டிப்போய்த் தொழிலாளிகள் பந்தியில் உட்கார வைத்தவர் இந்த மாரப்பன், கையில் வைத்திருந்த வெள்ளித் தட்டை மேடைக்கு வந்து கொடுக்கக்கூட விடவில்லை, அவரா எல்லாரையும் சமமாக நடத்தப்போகிறார், இது எந்த ஊர் நியாயம் என்று எழுதியிருந்தது. எந்த ஊர் நியாயம் என்று மூன்று இடத்தில் இருந்தது. இல்லை என்று சொல்லாதே இந்து. நீ எட்டாவது படிக்கும்போது பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து உனக்குக் கோபம் வந்தால் அந்த வார்த்தைதான் வரும். அது போகட்டும், மாடிப்படியும் அந்த வெள்ளித் தட்டும் ஒன்றாகத் தெரிவது மணமேடையிலிருந்து பார்த்தால் மட்டும்தான். அன்றைக்கு அங்கே மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தது நீ.

நீ எழுதியது தப்பு என்று சொல்ல இந்தக் கடிதம் இல்லை. உங்கள் ஊரிலும் இது ஜனாதிபதி தேர்தல் நேரம், ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் நிறத்தைப் பார்த்துப் பேசுகிறார்களே அம்மா என்று போன மாதம் போனில் அப்படிக் கொதித்தாய். எனக்கும் அப்போது கேட்க நன்றாகத்தான் இருந்தது, நான் பெற்ற பெண் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாளே என்று பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் நீ பார்த்தது பாதிதான் கண்ணு. உன் மாமன் அவரைக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தாய். கூட்டிக்கொண்டு போகச் சொன்னது யார் என்று பார்க்கவில்லை. சொன்னது நான்தான்.

எப்படி எழுதினாலும் இது நன்றாக இருக்காது, நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். பந்தி வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். உன் மாமனார் வீட்டுப் பெரியவர்கள் நாலைந்து பேர் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களை எல்லாம் நம்ம சனத்து வழக்கப்படி குலம் கேட்டு, "ஏனுங்க, நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜெபக்குமார் புது வேட்டி கட்டிக்கொண்டு தட்டோடு உள்ளே வருகிறார். எனக்கு ஒரே பயம். இவரிடமும் கேட்பார்கள், இவர் என்ன சொல்வார், சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே என்று. நான் சிரித்துக்கொண்டே, "நம்ம கம்பெனிப் பசங்க எல்லாம் மேல சாப்புடறாங்க, நீங்க இருந்தாத்தானுங்க அவங்களுக்குத் தைரியம், செத்த போய்ப் பாத்துக்கோங்க, அங்கயே ஒரு வாய் சாப்புட்டுக்கலாமுங்க" என்றேன். பக்கத்தில் நின்ற உன் மாமனிடம் கூட்டிப்போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். தட்டையும் நானே வாங்கிவைத்துக்கொண்டேன். எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன் பார், வாய்க்கு வாய் ங்க போட்டேன். நான் கெட்டதாக எதுவும் செய்யவில்லை என்றே மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஜெராக்ஸைப் படித்தபோதுதான் குப்பென்று வேர்த்தது.

திங்கட்கிழமை உன் மாமன் வந்தான். சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்றுவிட்டான். முகம் கறுத்துப் போயிருக்கிறது, ஊரில் நாலு பேர் கேட்கிறார்களாம். நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே தம்பி என்று கேட்டேன். அதற்கு அவன், "அக்கா, நீ சும்மா இரு. உன்ற பேர அந்தக் குரூப்புல ஏத்தி நான் செயிக்கோணுமா? பேசிப்போட்டுப் போறானுக, உட்டுரு" என்றான். உன்னை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று குறுக்கே நின்ற மாமன் அவன்தான், எனக்கு மறக்கவில்லை. குண்டடத்து நிலமும் பொய்யில்லை, கட்டடம் அங்கே வந்தால் தேவலை என்று அவன் நினைக்கத்தான் செய்கிறான். ஆனாலும் என் பழியைத் தான் சுமந்துகொண்டு ஊருக்குள் நடக்கிறான் இந்து. நீயும் கொஞ்சம் உன்னையே கேட்டுப் பார், ஜெபக்குமாருக்காக எழுதினாயா, மாமன் மேலிருந்த பழைய கோபத்துக்காக எழுதினாயா என்று. நான் கேட்கவில்லை, நீயே கேட்டுக்கொள்.

ஜெபக்குமாருக்கு வந்திருப்பது இதைவிடக் கஷ்டம். அவரே எழுதிவிட்டு அனுதாபம் தேடுகிறார், அவரைத் தவிர வேறு யாருக்கு இது தெரியும் என்று அடுத்த நாளே குரூப்பில் போட்டுவிட்டார்கள். இரண்டு கம்பெனிக்காரர்கள் தீபாவளிக்கு மேல் தையலுக்குப் பீஸ் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அறுபது மிஷின், அதை நம்பி எண்பது பேர். எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுக் காலையில் பீஸ் பார்க்கிற சாக்கில் அவர் கம்பெனிக்குப் போனேன். கட்டிங் டேபிளில் நின்றவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அன்றைக்கு உங்களை மாடிக்கு அனுப்பியது மாரப்பன் இல்லீங்க, நான் என்று சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. மாரப்பண்ணன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிது, அவுகளா வந்து கூப்புட்ட மூஞ்சி இல்ல, அனுப்பிவெச்ச மூஞ்சி" என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் அழுதிருக்க மாட்டேன். அவருக்கு ஒரே மகள், கிரேஸ்லின், காலேஜில் படிக்கிறாள். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கு, முதல் பந்தியில் முதலாளிமாரோடு முதலாளியாக உட்கார்ந்து சாப்பிட்டேன், என்னென்ன பலகாரம் போட்டார்கள் என்றெல்லாம் வீட்டில் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் அன்றைக்கு அவ்வளவு பெருமையாம். இப்போது அந்தப் பிள்ளை பிரௌசிங் சென்டரில் நீ எழுதியதைப் படித்துவிட்டு வந்து கேட்டிருக்கிறாள். "மக கேக்காக்கா, அப்பா நீங்க எங்க உக்காந்து சாப்ட்டியன்னு. ஓட்டு வந்தா வருது, வராட்டா போவுது. அவகிட்ட என்ன சொல்லன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, யாரிடமும் சொல்ல வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை தேர்தல் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். எழுதியது நீ என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. குரூப்பில் எழுதாதே, அங்கே எழுதினால் அதற்கும் நூறு பேர் நூறு காரணம் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு உன் பெயரைப் போட்டு நேராக ஒரு கடிதம் எழுது. விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இனி என் கதையைக் கேள். கம்பெனியை உன் அப்பா நடத்தினாலும் காகிதத்தில் முதலாளி நான்தானே, சங்கத்தில் ஓட்டும் என் பெயரில்தான். இத்தனை வருஷம் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அப்பா போய்ப் போட்டுவிட்டு வருவார். போன தடவை அதில் தகராறு வந்து, இந்தத் தடவை உரிமையாளரே நேரில் வர வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம், ஓட்டுக்கு முன்னால் உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாமாம். நூற்று நாற்பது பேரில் என்னைப் போலக் காகித முதலாளியம்மா இருபது பேர் இருப்போம், இதுவரை ஒருத்தியும் அந்தச் சங்கத்தில் வாய் திறந்ததில்லை. உன் அப்பாவோ, "மச்சானுக்குக் குத்திப்போட்டு சுருக்கா வந்துரு, சோறாக்க நேரமாயிரும்" என்கிறார். நான் தம்பிக்குப் போட்டால் அது ரத்தபாசம், ஜெபக்குமாருக்குப் போட்டால் அது என் குற்றத்துக்குப் பரிகாரம், இரண்டு பேரில் யார் தலைவருக்குத் தகுதி என்று பார்த்துப் போடுகிற ஓட்டு எனக்குள் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். ஓட்டு யாருக்கு என்று கடைசியில் எப்படியாவது முடிவு பண்ணிவிடுவேன். எழுந்து நின்று, அந்த மனிதரை மாடிக்கு அனுப்பியது குழந்தையம்மாளாகிய நான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்வதற்குத்தான் பயமாக இருக்கிறது. உன் மாமனார் வீட்டுக்காரர்களும் நாலு பேர் உறுப்பினர்கள். ஜெபக்குமார் சொல்கிற பதில் அவர்களுக்குக் கேட்கக் கூடாது என்றுதானே அன்றைக்கு அப்படிச் செய்தேன்.

சொல்ல வேண்டும் என்று காலையில் முடிவு செய்கிறேன், மத்தியானத்துக்குள் அது கரைந்துவிடுகிறது. தம்பி வேண்டாம் என்கிறான், அவரும் வேண்டாம் என்கிறார், பிறகென்ன, நீ பேசாமல் இருக்கலாமே என்று மனசு வக்கீல் மாதிரி பேசுகிறது. என்னை எனக்கு நம்பிக்கை இல்லை கண்ணு.

கரண்ட் வந்துவிட்டது, மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, இதோடு நிறுத்துகிறேன். பார்சலில் முறுக்கும் குட்டிக்கு இரண்டு கவுனும் வைத்திருக்கிறேன், குளிருக்குக் காதை மூடிக் கூட்டிப்போ, மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஆயுளோடும் நல்ல மனசோடும் இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இந்தக் கூரியர் உன் கைக்கு வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கும். படித்து முடித்ததும் எனக்குப் போன் போடு. யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதே, அதை உன் அப்பா சொல்வார். எழுந்து நின்று சொன்னாயா அம்மா என்று என்னிடம் கேள். ஊருக்கு நான் என்ன கதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவேன், நீ கேட்டால் எனக்குப் பொய் வராது.

உன் அம்மா,
குழந்தையம்மாள்