சக்களத்தியின் சாவி

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் நலம். புதுக் கால் உரசி வந்த புண் ஆறிவிட்டதா? போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. வெறும் "ம்"முக்கு நான் என்ன பதில் பேச? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ள முடியாது பாருங்கள்.

உங்கள் தம்பி வந்திருந்தார். "வண்டிய வித்துடச் சொல்லிட்டார் அண்ணி. பல் டாக்டர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காரே, அவருக்கே குடுத்துடலாம்" என்றார். இத்தனை வருடத்தில் அந்த வண்டியின் சாவியை ஒரு தடவைகூட என் கையில் தராத மனிதர், அதை இவ்வளவு சுலபமாகக் கைகழுவச் சொல்லியிருக்கிறீர்கள். 

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பதறாதீர்கள். அந்த விபத்தில் என் வேன் நசுங்கிப்போனதிலிருந்து, தினமும் உங்கள் இத்தாலிக்காரியில்தான், அந்தப் பழைய காரில்தான், வேலைக்குப் போய்வருகிறேன். அன்று நீங்கள் அந்த வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியதே எனக்கு மருந்துப் பெட்டி வாங்கி வரத்தான். அதைப் பற்றி இதில் எழுத வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உங்களை என்னிடமிருந்து பறித்துக்கொண்டவள் என்று அவளைச் சக்களத்தி என்று திட்டுவேனே, இப்போது அவளோடுதான் குடித்தனம். காலையில் இரண்டாவது கியரைத் தொட்டால் பல்லைக் கடிக்கிறாள். உடம்பு சூடாகும் வரை ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. வெயிலில் நிறுத்தி எடுத்தால் அசைய மாட்டாள்; என்ஜினிலுள்ள பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, ஜுரம் வந்த பிள்ளைக்குப் போல உட்கார்ந்திருக்க வேண்டும். ஜன்னல் கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. ஹாரன் இடப்பக்கம் திரும்பினால் மட்டும் அடிக்கிறது. இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். நீங்கள்தான். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு நீங்கள் உங்களுக்குள்ளேயே பேசியதெல்லாம் சமையலறை ஜன்னல் வழியே என் காதில் விழாமலா இருந்தது?

மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் போய் இறங்கினால் சும்மா விடுவார்களா? பால் பண்ணையில் ஒரே சிரிப்பு. "டாக்டரம்மா, சினிமாவுல நடிக்கப் போறீங்களா?" என்று கேட்கிறார்கள். ரிடையரான நீதிபதியின் நாயை ஒருநாள் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். அது உங்கள் தோல் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டது. துடைத்துவிட்டேன். நாற்றம் போய்விட்டது, கிட்டத்தட்ட.

போன வாரம் நல்ல மழை. பண்ணையில் ஒரு பசுவுக்குப் பிரசவ வலி, வயிற்றுக்குள் கன்று கால் மாறி நிற்கிறது, உடனே வரச் சொல்லி அழைப்பு. ஏரிக்கரைச் சாலையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டியதும் இவள் செத்தாள். சாவியைத் திருப்பத் திருப்ப இருமினாள், அவ்வளவுதான். சுற்றிலும் ஆள் இல்லை. கொட்டும் மழையில் ஸ்டியரிங்கைக் குத்தினேன், வாயில் வந்தபடி ஏசினேன். அப்புறம் உங்கள் குரல் ஞாபகம் வந்தது: "மூடிக்குள்ள ஈரம் போயிருக்கும்டி, துடைச்சு விட்டா ஓடிடுவே!" அவளிடம் நீங்கள் பேசும் பேச்சுதான். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றினேன். காயத்துக்குக் கட்டும் துணியில் ஸ்பிரிட்டை நனைத்து உள்ளே துடைத்து, உலரவிட்டு மூடினேன். கிளம்பிவிட்டாள்! நான் கத்திய கத்தலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கன்றும் உயிரோடு வெளியே வந்தது. அன்று முழுக்க இதைச் சொல்ல ஆள் தேடினேன். உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

மறுநாளே பல் டாக்டர் வந்தார். ஓட்டிப் பார்க்கட்டும் என்று சாவியைக் கொடுத்தேன். ஒரு சுற்று போய்விட்டு, முப்பத்திரண்டும் தெரிய இறங்கினார். "நாளைக்கே எடுத்துக்கறேன் மேடம்" என்றார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மன்னிச்சுக்குங்க டாக்டர், எனக்கு வேலைக்குப் போக வண்டி வேணும்" என்று வந்துவிட்டது. வேலைக்குப் போக இதுவா என்று அவர் விழித்தார். உங்கள் தம்பிக்கு என்மேல் கோபம். போகட்டும்.

நீங்கள் மறுபடி ஓட்டுவீர்கள் என்று ஆசை காட்ட நான் இதை வைத்துக்கொள்ளவில்லை. கையால் கிளட்ச் போடுவது போல மாற்றலாமா என்று நம் மெக்கானிக்கிடம் கேட்டேன். "மாத்தலாம், ஆனா பழைய மாதிரி இருக்காது. சாருக்குப் பிடிக்காது" என்றார் உண்மையாக. ஒருவேளை நீங்கள் இனி ஓட்டாமலே போகலாம். அதை நினைத்து நான் ஷெட்டுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். நீங்களும் அழுதால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் வண்டி எனக்கு வேண்டும். பாலம் தாண்டியதும் மூன்றாவது கியரில் அவள் பாட ஆரம்பிக்கும் இடம் இருக்கிறதே, அங்கே வரும்போதெல்லாம் என்னை அறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நடைப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னிடம் போனில் பேசினாள். செயற்கைக் காலை மாட்ட வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்களாம். "சார் திட்டினாக்கூடப் பரவால்லக்கா, பேசவே மாட்டேங்கறாரு" என்றாள். அவளைத் திட்டுங்கள். என்னையும் திட்டுங்கள், இரண்டாவது கியரை நான் படுத்தும் பாட்டைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டிய அளவுக்குக் காரணம் கிடைக்கும்.

துருப்பிடித்து அசையாமல் கிடந்த பக்கத்து சீட்டை மெக்கானிக்கும் நானும் சேர்ந்து எண்ணெய் விட்டு நகர்த்தினோம். இப்போது அது கடைசி வரை பின்னால் போகிறது. நான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் கால் எட்டவில்லை. உங்களுக்குச் சரியாக இருக்கும், நன்றாக நீட்டிக்கொள்ளலாம். நாளைக் காலையில் அந்தப் பெண் வரும்போது அவள் பக்கம் திரும்பிப் படுங்கள். அது போதும் இப்போதைக்கு. உங்களை அழைத்துவர நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் திட்டு வாங்கி நாளான
உங்கள் மனைவி