மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் இருந்தவள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உடம்பளவில் இங்கே எல்லோரும் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்த நீளமான மின்னஞ்சல். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் உன் மகள் என்னை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து நானே ஒருமுறை கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீ எதையும் முதல் நாலு வரி படித்துவிட்டு 'சரி சரி' என்று பதில் போடுகிற ஆள். இதை மட்டும் கடைசிவரை படி.

உன் மகளுக்கு என் வீட்டுக்காரி 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும். படுக்கப் போகுமுன் கேஸ் மூடியிருக்கிறதா, வாசல் தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று ஒரு சுற்று வந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடிப்பது தனக்காக இல்லை, எனக்காகத்தான் என்பாள். அத்தான் தவறிப்போன பிறகு நீ வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகக் கிளம்பி, அவளை எங்களிடம் விட்டுப் போனாய். இன்றுவரை அவள் எங்களுக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. கொடுத்தது நான்தான்.

நீ அங்கே எல்லோரிடமும், என் தம்பி பிள்ளைகளுக்கான விளையாட்டு வீடியோ எடுக்கிறான் என்று பெருமையடித்துக்கொள்கிறாய். எடுப்பவர்கள் வேறு. நான் அதைப் பெற்றோர் தலையில் கட்டுகிறவன். ஸ்கேட்போர்டு, சைக்கிள் சாகசம், சுவர் ஏறுவது என்று எங்களிடம் வீடியோ வரிசை வரிசையாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது சுலபம். சந்தா கட்டுகிற அம்மா அப்பாவுக்குத்தான் தனி விளம்பரம் செய்ய வேண்டும். அதில் விழுகிற காட்சி ஒன்றுகூட இருக்கக் கூடாது. 'தன்னம்பிக்கை' என்ற சொல் வந்தே ஆக வேண்டும். பிள்ளைகள் சக்கரத்தைப் பார்ப்பார்கள், பெற்றோர் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று முதலாளி அடிக்கடி சொல்வார். அது உண்மைதான் என்பதை உன்னை வைத்தே தெரிந்துகொண்டேன்.

நீ பார்த்த விளம்பரம் எடுத்த அன்று, சறுக்கு மேடையில் இறங்கியது எங்கள் ஸ்கேட்போர்டு பயிற்சியாளரின் மகள். கெட்டிக்காரி. தண்ணீர் வழிவதுபோல இறங்கினாள். ஆனால் அவள் மோவாயில் தையல் போட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. கற்றுக்கொண்ட காலத்தில் விழுந்தது. அதைத் திரையில் பெரிதாகப் பார்த்த முதலாளி, இந்த முகத்தைக் காட்டினால் எந்த அம்மாவும் பர்ஸைத் திறக்க மாட்டாள், தழும்பில்லாத முகம் வேண்டும் என்றார். அக்கா, யோசித்துப் பார். இதில் தேறியவளுக்குத் தழும்பு இருக்கும். தழும்பே இல்லாத பிள்ளை அதில் ஏறியே இருக்காது. இது புரிந்தும் வேறு முகம் தேடித் திரும்பிப் பார்த்தேன். பள்ளி விடுமுறை என்று என்னோடு வந்திருந்த உன் மகள், ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அதே மஞ்சள் சட்டையையும் அதே மஞ்சள் ஹெல்மெட்டையும் அவளுக்கு மாட்டிவிட்டேன். சும்மா மேலே நின்று கீழே பார், இறங்க வேண்டாம் என்று சொல்லித்தான் ஏற்றினேன். நின்றாள், பார்த்தாள். அந்த முகத்தை எடுத்து, அதன் பின்னால் பயிற்சியாளர் மகள் முதுகைக் காட்டி இறங்குகிற காட்சியை ஒட்டவைத்தோம். ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. நீ பார்த்து அழுத வீடியோ அதுதான். மேலே நின்றது உன் மகள். இறங்கியது அவள் இல்லை.

'எம்புட்டு உறுதி பாரு அந்த முகத்துல' என்று நீ சொன்னாய். அது உறுதி இல்லை அக்கா. அழுகையை விழுங்குகிற முகம். நீ விமான நிலையத்துக்குக் கிளம்பிய அன்று டாக்ஸிக்குப் பக்கத்தில் அவள் அப்படித்தான் நின்றாள். நீ திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டாய், அதனால் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதை விற்றேன்.

நீ வீடியோவை வார்டு முழுக்கக் காட்டிவிட்டு அனுப்பிய குரல் செய்தியை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டோம். 'என் பொண்ணு எதுக்கும் பயப்பட மாட்டா, என்னை மாதிரி இல்ல' என்றாய். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் பள்ளியில் அவளைக் கைதட்டி வரவேற்றார்கள். பிறகு முதலாளி ஒரு கடைவளாகத்தில் மேடை போட ஏற்பாடு செய்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை, விளம்பரத்தில் வந்த அதே பெண் பெற்றோர் கண்ணெதிரே இறங்குவாள் என்று சுவரொட்டியும் ஒட்டியாயிற்று. அன்று லீவு போட்டு போனில் நேரடியாகப் பார்ப்பதாக நீயும் சொல்லிவிட்டாய்.

இந்த நாட்களில் என் வீட்டுக்காரிதான் ஒன்றைக் கவனித்தாள். இன்ஸ்பெக்டர் இப்போதெல்லாம் கேஸைப் பார்ப்பதில்லை, தாழ்ப்பாளைத் தொடுவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, தைரியமான பிள்ளைகள் அதெல்லாம் பார்க்க மாட்டார்கள் அத்தை என்றாளாம்.

அதைக் கேட்டபின் முதலாளியிடம் போய், அவளால் இறங்க முடியாது என்றேன். அவர் அசரவில்லை. பயிற்சியாளர் மகளுக்கே முகம் மறைகிற ஹெல்மெட் போட்டு இறக்கிவிடு, கீழே வந்ததும் திரைக்குப் பின்னால் ஆளை மாற்றி உன் பிள்ளையைக் கையாட்டச் சொல் என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் இனிப்பாகவே சொன்னேன். அவள் என்னை நேராகப் பார்த்து, 'நிஜமா இறங்குன அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டையெல்லாம் நான் எடுத்துக்கிட்டேன் மாமா. இன்னொரு தடவை எடுக்க மாட்டேன். நானே இறங்கிடறேன், அப்புறம் அது பொய் இல்ல' என்றாள். நான் ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை உன் பிள்ளை தன் எலும்பைக் கொடுத்து உண்மையாக்கப் பார்க்கிறாள்.

நேற்று பள்ளி விட்டும் அவள் வீடு வரவில்லை. எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். விளம்பரம் எடுத்த பயிற்சித் திடலில் ஒரு ஈ காக்கை இல்லை. சறுக்கு மேடை உச்சியில் தலையில் ஹெல்மெட்கூட இல்லாமல், பலகையில் ஒரு காலை வைத்து நின்றிருந்தாள். கத்தினால் பதறிவிடுவாள் என்று மெல்ல ஏறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உள்ளங்கை நனைந்திருந்தது. நீங்கள் இருந்தால் எனக்கு வராது, போங்கள் மாமா என்றாள். கெஞ்சிக் கூத்தாடி இறக்கிக் கூட்டிவந்தேன்.

இன்று காலை வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வர மாட்டாள், விளம்பரத்தையும் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் இறங்கியது யார் என்று நானே வெளியே சொல்வேன் என்றும் சொன்னேன். முதலாளி கதவைக் காட்டினார். வேறு வேலை தேடிக்கொள்ளலாம், முதலில் அண்ணிக்கு எழுதுங்கள் என்று என் வீட்டுக்காரி இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். நீ என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பிள்ளையை நம்பி விட்டுப்போனவளுக்கு நான் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்கவே கூசுகிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேடையைத்தான் என்னால் நிறுத்த முடிந்தது. அவளை நிறுத்த முடியவில்லை. திடலுக்கு அவள் போகாமல் எத்தனை நாள் காவல் இருப்பேன்? நான் சொல்வது அவள் காதில் ஏறாது, பொய் சொன்ன வாய் இது. பயப்படாத பெண் என்று சொன்னவள் நீ. நீ சொன்னால்தான் அவள் நம்புவாள்.

இத்துடன் ஒரு சிறு வீடியோ இணைத்திருக்கிறேன். விளம்பரத்துக்காக நான் வெட்டி எறிந்த துண்டு. உன் மகள் மேலே நிற்க, 'அப்படியே இறங்கித்தான் பாரேன்' என்று முதலாளி கீழிருந்து கூவுகிறார். எல்லோரும் பார்க்க, அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பின்பக்க ஏணியில் ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கி வருகிறாள். அத்தனை பெரியவர்களுக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறாள் அக்கா. வந்து என் முன்னால் நின்று, நான் ஏதாவது சொல்வேன் என்று அண்ணாந்து பார்க்கிறாள். நான் கேமராக்காரரைப் பார்த்து, 'முகம் கிடைச்சிருச்சு, போதும்' என்கிறேன். அதோடு துண்டு முடிகிறது.

நீ அதைப் பார்த்துவிட்டு இன்றைக்கே அவளைக் கூப்பிடு. 'நீ இறங்கி வந்தது ரொம்பச் சரிடி கண்ணு' என்று ஒரு வார்த்தை சொல். அவள் இன்னும் அந்த ஏணிக்குக் கீழேதான் அண்ணாந்து நிற்கிறாள்.

உன் மன்னிப்புக்கு அருகதையில்லாத,
தம்பி