மாதா தேருக்கு இறக்கிய ஒயர்

என் உயிர் டேவிட்டு மாமு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. ராயபுரத்தில் மழை விடவே இல்லை. உன் வீட்டு ஜன்னலுக்கும் என் வீட்டு ஜன்னலுக்கும் நடுவே நாம் இழுத்த ஒயர் இன்னும் சந்துக்கு மேலேதான் தொங்குகிறது. அது இருந்ததால்தானே அவரவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே சேர்ந்து விளையாடினோம்?

மாதா தேர் வந்த அன்று அதை இறக்கினோம், ஞாபகம் இருக்கிறதா? கிரீடம் இடிக்கக் கூடாதென்று வருஷா வருஷம் செய்வதுதான். தேர் போனதும் நான்தான் திரும்ப இழுத்துக் கட்டினேன். மறுநாளே சண்டை. கேமில் நாம் சேர்ந்து ஆட ஒரு ரூம் போட்டு என்னை அழைத்ததாக நீ சொன்னாய். என் திரையில் ஆட்டம் எதுவும் இல்லை என்றே வந்தது.

"கூப்டுகினே கீறேன், வர மாட்டேன்றியே. அவ்ளோ கெத்தாயிட்டியா?" என்று ஜன்னலில் நின்று கத்தினாய்.

"நீ ரூமே போடல. சும்மா உதார் வுடாத" என்றேன்.

கேமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஐ.பி. எண்ணை மாற்றினேன். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் பச்சை விளக்கு விட்டு விட்டாவது எரிந்ததால் ஒயரைச் சந்தேகப்படவில்லை, உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். நாலு எட்டு வைத்து வந்து உன் திரையைப் பார்த்திருக்கலாம். வீம்பு, மாமு. பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி உன் பைக்கை இடித்துவிட்டது.

என் மேல் கோபத்தோடுதான் போனாயா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

போன ஞாயிறு பூசை முடிந்து உன் தங்கச்சி ஸ்டெல்லா வந்தாள். "அண்ணா, அவன் கம்ப்யூட்டர் பொட்டிய ஆன் பண்ணவே மனசுக்குப் பேஜாரா கீது. நீ வந்து இன்னான்னு பாரு" என்றாள்.

போனேன். உன் நாற்காலியில் உட்கார மனசு வராமல் நின்றபடியே கேமைத் திறந்தேன். ரூமுக்குப் பெயர் கேட்கும் கட்டத்தில், கடைசியாக நீ அடித்தது அப்படியே இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில், "ஜோசப்பு வாடா".

நீ கூப்பிட்டிருக்கிறாய்.

அப்படியானால் கோளாறு ஒயரில்தான். ஓடிப்போய், தேர் போனதும் என் ஜன்னல் கம்பியில் நான் போட்ட முடிச்சை அவிழ்த்தேன். அப்பாவின் படகில் வலை கட்டிய கை அல்லவா, அதே மாதிரி இறுக்கியிருந்தேன். மேல்தோல் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இரண்டு இழை அறுந்துபோயிருந்தது. வெட்டிப் புது முனை மாட்டினேன். அங்கே உன் கம்ப்யூட்டரில் ஸ்டெல்லா ரூம் போடும் பட்டனை அமுக்கினாள். என் திரையில் உன் ரூம் வந்தது. உள்ளே போனேன். என் ஆள் பக்கத்தில் உன் ஆள் அசையாமல் நின்றான். கீபோர்டில் தலையை வைத்து அழுதேன்.

அடுத்த வருஷமும் தேருக்கு ஒயரை இறக்குவேன். திரும்பக் கட்டும்போது முடிச்சுப் போட மாட்டேன், கொக்கியில் லேசாக மாட்டுவேன். அந்த ரூமின் பெயரை யாரும் மாற்ற விடமாட்டேன். இது சத்தியம். கூப்பிட்டாய் மாமு, இப்போதுதான் வந்தேன்.

எதிர் வீட்டில் இருக்கும் உன் மாமு,
ஜோசப்பு