பொன்னுத்தாய் கப்பலேறிய பாட்டு

மதினி,

காலையில் உங்கள் மகள் ஷார்ஜாவிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பாடுகிறாள். பின்னால் ஏசி இரைகிறது. “சோத்து டப்பா கரைசேர, பொன்னுத்தாயி பிளேனேறி வந்தாளே.” பாடி முடித்ததும், “கலயம்னா இவளுக்குத் தெரியல அத்தை. கப்பலையும் பாத்ததில்ல. அதான் மாத்திட்டேன். அம்மா இருந்தா வைவாளோ?” என்று கேட்கிறாள்.

நீங்களா வைவீர்கள்!

சுந்தரபாண்டியத்தில் எங்கள் தெருப் பெண்கள் பங்குனிப் பொங்கலுக்குக் கும்மியடித்துப் பாடும் கதை அது. அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோகும் பொன்னுத்தாயைக் காட்டாறு அடித்துக்கொண்டு போய்விடும். “கஞ்சிக் கலயம் கரைசேர, பொன்னுத்தாயி கண்ணுக்கெட்டாப் போனாளே.” அதோடு பாட்டு முடியும். எங்களுக்குத் தெரிந்து அவள் செத்தவள்தான்.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்துக்கொண்டிருந்த உங்களை அண்ணன் கல்யாணம் செய்து கூட்டிவந்த வருஷம், நீங்களும் கும்மியில் சேர்ந்தீர்கள். வந்த மருமகளுக்குப் பாட்டு தெரிந்திருக்கிறதே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். பாட்டில் கலயம் கரைசேர்ந்தது. நாங்கள் “கண்ணுக்கெட்டா” என்று இழுக்கையில் நீங்கள் மட்டும் கணீரென்று “கப்பலேறி வந்தாளே” என்றீர்கள். கும்மி அப்படியே நின்றது.

பாட்டை எடுத்துக் கொடுக்கும் பெரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏட்டி, செத்தவள எங்கிட்டு இழுத்துட்டுப் போற?”

“எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல பாடுறப்ப அவ சாகல பெரியம்மா. ஆறு அவளக் கடல்ல கொண்டு விடும். கப்பக்காரங்க தூக்கி ஏத்திக்குவாங்க. மலைக்கு வந்து கொழுந்து எடுப்பா. அம்மா அப்பிடித்தான் பாடும்.”

“சிலோன்காரி என்னத்தக் கண்டா? இது இங்கன பொறந்த பாட்டு.”

நீங்கள் வட்டத்தை விட்டு விலகினீர்கள். அதன்பின் கும்மிக்கு வரவே இல்லை. அடுப்படியில் முணுமுணுப்பதையும் விட்டுவிட்டீர்கள். அங்கே இருந்தவரை உங்களை இந்தியாக்காரி என்றார்கள், இங்கே வந்ததும் சிலோன்காரி என்கிறார்கள் என்று ஒருநாள் வாய்க்காலில் துணி அலசிக்கொண்டே சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு என் தலைப்பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட பெண் குழந்தை. நான் அம்மா வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். பங்குனிப் பொங்கல் வந்தது. கோயில் மைக்கில் பொன்னுத்தாய் ஆற்றோடு போகிற இடம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் வந்து என் தலையை மடியில் எடுத்து வைத்து, அவர்கள் விட்ட இடத்திலிருந்து மெல்லப் பாடத் தொடங்கினீர்கள். கடல், கப்பல், பனி மூடிய மலை. தேடிவந்த அண்ணன் பனிக்குள் அவள் குரலைக் கேட்டு அடையாளம் காண்பது வரைக்கும்.

“இதெல்லாம் பொய்தான மதினி?” என்றேன்.

என் முடியைக் கோதிக்கொண்டே சொன்னீர்கள்: “எங்க பூட்டி இந்தப் பக்கத்துலருந்துதான் தோட்டத்துக்குப் போச்சாம் புள்ள. எந்த ஊருன்னு சொல்ல ஆளில்ல, பாட்டு மட்டுந்தான் மிச்சம். அது போனப்ப இங்க உள்ளவங்க, ஆத்தோட போயிட்டான்னுதான நினைச்சிருப்பாங்க? ஆனா நாங்க உசுரோடதான இருந்தோம்.”

என் குழந்தை திரும்பி வரப்போவதில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். நிமிர்ந்தபோது வாசலில் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ. என்ன சொல்லப் போகிறார்களோ என்று நான் பயந்தேன். அவர்கள் உங்களைப் பார்த்து, “அந்த மலையில அவளுக்கு யாருட்டி கஞ்சி காச்சிக் குடுத்தா?” என்று கேட்டார்கள்.

“பக்கத்து லயத்துக்காரங்க, பெரியம்மா.”

“நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த பங்குனியில் உங்களைக் கைப்பிடித்து வட்டத்துக்குள் இழுத்ததும் பெரியம்மாதான். பழைய பாட்டை முடித்துவிட்டு, “ஏட்டி, இப்ப நீ எடு” என்றார்கள். அன்று தொடங்கி எங்கள் தெருவில் பொன்னுத்தாய் ஒருமுறை ஆற்றோடு போவாள், மறுமுறை கப்பலேறுவாள். பக்கத்துத் தெருக்காரர்கள் கேலி செய்தார்கள். பெரியம்மா அதைச் சட்டையே செய்யவில்லை.

ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். பெரியம்மா உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். இந்தப் பங்குனிக்குப் பாட்டை எடுக்க நான்தான். ஆற்றோடு போகிற வரி முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் உங்கள் குரலுக்காக நின்றார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு நானே எடுத்தேன். உங்கள் குரல் ஏறுகிற உயரத்துக்கு என்னுடையது ஏறாது மதினி. கொழுந்து, லயம் எல்லாவற்றையும் நீங்கள் சொல்கிற மாதிரியே சொன்னேன். நான் கண்ணால் பார்த்திராத அந்த மலையை எனக்குத் தெரிந்த இடம் போலவே பாடினேன்.

முடிந்ததும் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த ஒரு பெண் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “அந்தக் கப்பப் பாட்டு எந்த ஊருப் பாட்டு அத்தை?”

எங்க மதினி ஊருப் பாட்டு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“நம்மூருப் பாட்டுத்தான் தாயி” என்றேன்.