தாய்மாமன் மடி

அண்ணாவுக்கு,

என் மகள் மிதுஷாவின் காதுகுத்துக்குத் தோடு வாங்கிவிட்டதாக அண்ணி சொன்னா. ஞாயிற்றுக்கிழமை அவளை மடியில் வைத்திருக்க வருகிறீர்களாம். தாய்மாமன் அல்லவா.

பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொன்ன அன்று உங்களுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். "பரம்பரை வருத்தம் எண்டு ஊர்ல கதைச்சா என்ட மகளுக்கு மாப்பிள்ளை வராது. இஞ்சால வராத" என்றீர்கள். நான் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீங்களும் ஒருநாள்கூட வார்டுக்கு வரவில்லை.

வந்தவன் காத்தான்குடி றிஸ்லான். வார்டில் வருத்தக்காரப் பிள்ளைகளோடு துணைக்கு இருக்க வருகிற தொண்டர்களில் ஒருவன், கம்பஸில் படிக்கிறான். மிதுஷாவின் அப்பா வாவிக்கு மீன்பிடிக்கப் போன நாட்களில் நான் ஒரு வாய் சாப்பிடும்வரை பிள்ளையை அவன்தான் வைத்திருந்தான். ஊசி போட வந்தால் அவள் அவன் மடியில் ஏறிச் சட்டைப் பொத்தானை இறுக்கிப் பிடிப்பாள். எத்தனை பொத்தான் பிய்ந்தது! "பரவாயில்ல அக்கா, தைச்செடுக்கலாம்" என்பான்.

சுகமாகி வந்த பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை அவன்தான் மடியில் வைத்து மணையில் இருப்பான். கேட்டபோது தயங்கினான். "அவட மாமா இருக்காரே அக்கா?"

"அந்தாள் பார்க்க வருவார்" என்றேன்.

கட்டாயம் வாருங்கள். இப்போது உங்கள் மகளுக்குப் பேசியிருக்கிற சம்பந்தி வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டேன், பிள்ளைக்கு என்ன வருத்தம் வந்தது என்பதையும் சேர்த்து. அவர்களுக்குப் பக்கத்தில்தான் உங்கள் கதிரை. காது குத்தத் தட்டார் ஊசியை எடுத்ததும், அவள் யாருடைய பொத்தானைப் பிடிக்கிறாள் என்று அங்கேயே இருந்து பாருங்கள்.

இப்படிக்கு,
இஞ்சால வராமல் இருந்தவள்