ஒரு சாண் குறைந்த கயிறு

மருமகள் என் சளிக்கென்று கொள்ளு வேகவைத்தாள். அந்த மணம் வந்ததும் நாழியை எடுக்கக் கை நீண்டுவிட்டது. உங்கள் குதிரைக்குக் கொள்ளு அளந்தவள் நான்தானே. ஒரு பிடி கூடிப்போனால் கணக்கு இடிக்கும் என்று முணுமுணுப்பேன். "அது கணக்குப் பாத்தா ஓடுது?" என்பீர்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் பயந்திருந்த காலம். என் கழுத்தில் தொங்கும் காசளவு மாதா சுரூபத்தின் நூல், வேர்வையிலும் உப்புக் காற்றிலும் அடிக்கடி இற்றுப்போகும். ஒருநாள் அது அறுந்து சுரூபம் மீன்குழம்பில் விழுந்தது. நான் பதறி அழ, "மாதா உப்புப் பாக்க வந்திருக்கு" என்றீர்கள். அன்றே, "குதிரமுடியில கயிறு பின்னித் தாரேன், இத்துப்போகாது" என்றும் சொன்னீர்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்காவோடு சவாரிக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அதே வேலை. ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வீர்கள். தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஒரு முடியின் அடியோடு மற்றதன் நுனியைச் சேர்த்துப் பின்னுவீர்கள். அப்போதுதான் கயிறு எங்கும் ஒரே கனமாக வரும். ஆனால் வாலில் கத்தரி வைக்கமாட்டீர்கள். சீப்பில் தானாக வருவது மட்டும்தான். "வெட்டிட்டா ஈய எதக்கொண்டு வெரட்டும்?" அதனால் கயிறு மெல்லத்தான் வளர்ந்தது.

கொள்ளு கிடைப்பதே அரிதாகி, குதிரையை ஆழ்வார்திருநகரிக்காரர் ஒருவருக்குக் கொடுக்கும்படி ஆயிற்று. உங்கள் கையில் கயிற்றைப் பார்த்து, "ஒரு கொத்து வெட்டிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் அவர். நீங்கள் வாலைத் தடவிக்கொடுத்துவிட்டு விலகி நின்றீர்கள்.

கயிறு என் கழுத்தைச் சுற்றி வர ஒரு சாண் குறைந்தது.

பிறகொரு நாள் நான் தலைவாரி, சீப்பில் வந்த முடியைச் சவுரிக்காகச் சுருட்டிக்கொண்டிருந்தேன். "ஏளா, அதத் தா. உன் முடியும் அது வாலும் ஒரே கறுப்பு. சேத்தா தெரியாது" என்றீர்கள்.

"என்னையும் குதிரையையும் ஜோடி சேக்கீகளா?"

"குதிர கோவிச்சிக்கிடாது."

சிரித்தேன். ஆனால் கொடுக்கவில்லை. உதிர்ந்த மனுஷி முடியிலா மாதாவைத் தொங்கவிடுவது என்றேன். "குதிர முடியும் உதிந்ததுதான?" என்று கேட்டீர்கள். அப்போதும் கொடுக்கவில்லை. "சரி, அடுத்த குதிர வரட்டும்" என்று பின்னல் அவிழாமல் முனையை நூலால் கட்டிவைத்தீர்கள்.

அடுத்த குதிரை வரவில்லை. அந்த மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல்தான் வந்தது. நாலாம் நாள் உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

எழுத்துக்கூட்டி நானாகவே படித்துத் தேறிய ஜெபப் புத்தகத்தை அதற்குப் பிறகு எத்தனையோ முறை புரட்டிவிட்டேன். மனுஷி முடி ஆகாது என்று அதில் எங்குமே இல்லை. யார் சொல்லி அப்படி நினைத்தேன் என்றும் தெரியவில்லை.

சுரூபம் இன்னமும் நூலில்தான் தொங்குகிறது. இற்றுப்போனால் வேறு நூல் மாற்றுகிறேன். உங்கள் கயிறு அன்றுபோலவே இருக்கிறது. ஜெபமாலை சொல்லும்போது மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறேன், அதற்கு நீளம் போதும். நீங்கள் கட்டிய நூலை அவிழ்க்கவில்லை.

இன்று தலைவாரியபோது சீப்பில் வந்த முடியைச் சுருட்டி, கயிற்றின் முனையில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் வெளுத்துவிட்டது. இனிச் சேர்த்தால் தெரியும்.

தெரிஞ்சா என்னளா என்றுதான் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.