இரு பக்கத்துக்கும் காமன்

ஏப்ரல் 28

குற்றாலத்தில் அருவி இருந்த இடத்தில் பாறை காய்கிறது. குளிக்க ஆள் வந்தால்தானே எண்ணெயும் சோப்பும் துண்டும் விற்க? கடையைப் பூட்டிவிட்டுத் தென்காசியில் வீட்டோடு இருக்கிறேன். சீசன் தொடங்க எப்படியும் ஜூன் ஆகும்.

"ஃபேனையே மொறச்சுப் பாத்தா அது என்ன செய்யும்? போய்ப் புள்ளயச் சாப்பிடக் கூப்பிடுங்க" என்று உலகம்மை விரட்டினாள். ஸ்வாதி காலி மனையில் தெருப் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தாள். "எப்பா, சும்மா நிக்காம வாங்க" என்றாள். முதல் பந்திலேயே போல்டு. கூப்பிடப் போனவனும் சாப்பிட வரவில்லை.

ஏப்ரல் 29

எழுந்திருக்க முடியவில்லை. எத்தனையோ பேருக்கு விற்ற மூலிகை எண்ணெயை முதல்தடவையாக நானே தேய்த்துக்கொண்டேன். வலி போகவில்லை. இதை வெளியே சொல்லக்கூடாது.

மே 3

எனக்கு ஒரு பதவி கிடைத்திருக்கிறது. காமன். இரண்டு பக்கமும் ஆள் சமமாகப் பிரிந்த பிறகு மிஞ்சுகிறவன். இரண்டு பக்கத்துக்கும் கடைசியில் பேட்டிங் பிடிக்கலாம். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அவன் ஜெயித்ததாகாது. பந்து வாறுகாலில் விழுந்தால் அடித்தவருக்கு இரண்டு ரன். சாக்கடைக்குள் இறங்கி எடுப்பது காமன். ஒரே நாளில் இரண்டு தடவை டக் அவுட் ஆகும் வசதியும் உண்டு. இன்று ஆனேன்.

மே 9

இன்று ஒரு பயல் வரவில்லை. கணக்குப்படி என்னையும் ஒரு பக்கம் எடுத்தாக வேண்டும். ஸ்வாதி ஒரு கேப்டன், மஜீது பாய் மகன் யூசுப் இன்னொரு கேப்டன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யூசுப் ஓடிப்போய், தூங்கிக்கொண்டிருந்த மணிமுத்துவை எழுப்பிக் கூட்டி வந்தான். மூணாங்கிளாஸ்! கண்ணுல பூளை கூட எடுக்கல. அவன் ஒரு பக்கம், நான் காமனா? பெத்த மகளும்லா அதுக்குத் தலையாட்டுதா!

நாளைக்குப் போகப் போவதில்லை.

மே 10

போனேன்.

மே 16

பின்தெருக்காரர்களோடு மேட்ச். 25ஆம் தேதி, ஞாயிறு. தெருவுக்குத் தெரு ஆடும்போது காமன் கிடையாது. ஆனால் நம் பையன்களில் ஒருவன் சுரண்டையில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டான். ஓர் இடம் காலி.

இரவு தோசை வைக்கும்போது, "டீமெல்லாம் முடிவாயிட்டா?" என்று பொதுவாகக் கேட்டேன். "பாக்கலாம்பா" என்றாள் ஸ்வாதி. என் கடையில் கடன் கேட்பவர்களிடம் நான் சொல்லும் அதே பாக்கலாம்.

மே 19

மேற்கே மேகம். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மே 21

பக்கத்துக் கடை நம்பிராஜன் போன் செய்தார். "அண்ணாச்சி, காத்து மாறிட்டு. இங்கன சாரல் விழுது. இந்தத் தடவ சீசன் முந்திரும் போலுக்கே!" உலகம்மை சூடம் கொளுத்தினாள். நானும் கும்பிட்டேன். அவள் என்ன வேண்டினாள் என்று தெரியும். நான் வேண்டியது: ஞாயிறு வரைக்கும் பொறு தாயே. தண்ணி விழுந்தாத்தான் சோறு. அந்தத் தண்ணியப் போய் நில்லுங்கேனே, எனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?

மே 22

ஸ்வாதி டீம் சொன்னாள். கடைசிப் பெயர் நான். "காமன் இல்லப்பா. நம்ம சைடு."

பின்தெருப் பையன்கள், "பெரியாளு செல்லாது" என்று சண்டைக்கு வந்தார்கள். "மாமா ஆடுததப் பாத்துட்டுச் சொல்லுங்கலே" என்றான் யூசுப். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். செல்லும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மே 24

அருவியில் தண்ணீர். நாளைக்குக் கூட்டம் அள்ளும் என்கிறார் நம்பிராஜன்.

"காலையிலேயே போய்க் கடையத் தொறங்க" என்றாள் உலகம்மை.

"பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு. எண்ணெய் விடணும்."

"எண்ணெய்க் கடைக்காரருக்கு எண்ணெய் கெடைக்கலியாங்கும்?"

உலகம்மை கையை நீட்டினாள். "சாவியத் தாங்க. நான் போறேன். தோத்துட்டு வந்தா வீட்டுல சோறு கெடையாது."

எப்படித் தெரியும்? இரண்டு நாளாகத் தூக்கத்தில் "நம்ம சைடு" என்று உளறினேனாம்.

மே 25

தூறலோடு ஆடினோம். கடைசிப் பந்து, இரண்டு ரன் வேண்டும். மட்டையோடு நான். ஸ்வாதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடிச் சுற்றினேன். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, பின்னால் போய் வாறுகாலில் விழுந்தது. இரண்டு!

எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்களாம். நான் பார்க்கவில்லை. சாரலில் வாறுகால் ஓடியது, பந்தும் ஓடியது, பழக்கத்தில் நானும் பின்னாலேயே ஓடினேன். பந்தோடு திரும்பும்போது கைகொடுக்க வந்தவர்கள் என் கையைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். ஸ்வாதி மட்டும் கொடுத்தாள். "எட்ஜுப்பா அது."

"பாத்து வச்ச எடம்ட்டி."

ஜூன் 2

ஸ்வாதிக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கடைச் சாவி இன்னும் என் கைக்குத் திரும்பவில்லை. உலகம்மை எண்ணெய்ப் பாட்டிலையெல்லாம் முன்வரிசைக்கு மாற்றிவிட்டாள். வியாபாரமும் நன்றாக நடக்கிறது. "ரெண்டு நாள் போறேன்னுதான் நெனச்சேன். புடிச்சிருக்கு" என்கிறாள். காலையில் வீட்டில் குழம்பு வைக்கிறேன், ஸ்வாதியை அனுப்புகிறேன், மதியம் பஸ் ஏறிக் கடைக்குப் போய் அவள் சொல்கிற பெட்டியைத் தூக்குகிறேன். சாயங்காலம் நம்பிராஜன் கேட்டார், "என்ன அண்ணாச்சி, இப்ப கடையில நீங்க யாரு?"

காமன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.